கை உயர்த்திய நாள்

ஓய்வுபெற்ற டென்னிஸ் வீரர் மாசிலாமணியின் வீட்டுக் கண்ணாடிப் பேழையில், அவர் கோப்பை வென்ற ஆட்டத்தின் கடைசிப் பந்து வீற்றிருந்தது. அதே ஆட்டத்தில் நடுவே நின்ற வலை, இப்போது சன்னலுக்கு வெளியே அவரைக்கொடியைத் தாங்கி நின்றது.

“அது ஒரு காலம், அக்கா. நான் வெற்றியைத் தந்ததும் கை உயர்த்தி மகிழ்ந்தாரே, நினைவிருக்கிறதா?” என்றது பந்து.

“இல்லாமலா? என் தலையில் மோதித்தானே தம்பி, நீ அந்தப் பக்கம் உருண்டு விழுந்தாய்? எதிராளி பாவம், ஓடி வந்தும் எட்டவில்லை. அப்படிப் புள்ளி கிடைத்தால் கை உயர்த்தி மன்னிப்புக் கேட்பது ஆட்டக்காரர் வழக்கம்” என்றது வலை.

பந்து பேழையின் கண்ணாடியோரம் உருண்டு வந்தது.

“தினமும் காலையில் என்னைக் கையிலெடுத்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் வைத்துவிடுகிறார், அக்கா. இருபது ஆண்டுகளாக அதைப் பெருமை என்றல்லவா எண்ணியிருந்தேன்.”