சங்கரவடிவின் குடம்

கதவு திறந்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. திறந்தவள்தான் சங்கரவடிவு.

தன் இடுப்பில் இருந்த எவர்சில்வர் குடத்தின் கழுத்தில் வெட்டியிருந்த பெயர். ஆறு வருடமாக அதில்தான் தண்ணீர் பிடித்தாள். யார் இது என்று கேட்டபோது, கடைக்காரன் பெயரை மாற்றி வெட்டிவிட்டான் என்றார் மாமியார்.

போன மாதம் பரணில் ஒரு செம்பு அகப்பட்டது. அதிலும் சங்கரவடிவு.

கடைக்காரனுக்கு ஒருமுறை கை தவறலாம்.

அவள் உலுக்கிய உலுக்கலில் கணவன் உண்மையைக் கக்கினான். இவளுக்கு முன்னால் ஒருத்தியைக் கட்டியிருக்கிறான். ஆடிக்குத் தாய்வீடு போனவள் திரும்பவில்லை. சீர்ப் பாத்திரங்களைத் திருப்பிக் கொடுத்தபோது இரண்டு விட்டுப்போயின.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த குடும்பம்.

அந்தப் பெண் மேல் அவளுக்குக் கோபமே இல்லை. பக்கத்தில் படுத்தவன் இத்தனை நாள் வாய் திறக்கவில்லையே, அதுதான் ஆறவில்லை. பொய் சொல்கிறவனோடு குடித்தனம் இல்லை என்றுவிட்டாள். பாத்திரத்தை உரியவளிடம் கொடுப்பது, அப்படியே அம்மா வீட்டுக்குப் பஸ் ஏறுவது.

ஸ்கூட்டரில் கொண்டுவந்து விட்டவன் தெருமுனையில் திருடன்போல நிற்கிறான்.

நிற்கட்டும்.

சங்கரவடிவு குடத்தைப் பார்த்தாள், இவளைப் பார்த்தாள். புரிந்துகொண்டாள். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

“இந்தக் குடத்துக்கா எங்கம்மா அவ்வளவு சண்ட போட்டா?”

இவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வந்திருக்கக் கூடாதுதான்.

“யாரு வடிவு?” உள்ளேயிருந்து ஓர் ஆண்குரல்.

சங்கரவடிவு சட்டென்று இவள் கையைப் பிடித்தாள்.

“அவுகளுக்குத் தெரியாதுக்கா. எங்க வீட்லயும் மறச்சுத்தான் கட்டிக் குடுத்தாக.”



தோளில் குழந்தையோடு அவர் வெளியே வந்தார்.

இவள் குடத்தை லேசாகத் திருப்பினாள். பெயர் இடுப்புப் பக்கம் போயிற்று.

“பாத்திரச் சீட்டு போடுதேன் அண்ணாச்சி. சேருதீயளான்னு கேக்க வந்தேன்.”

பொய் தடங்கலே இல்லாமல் வந்தது. அவளுக்கே ஆச்சரியம்.

அவர் குடத்தைத் தட்டிப் பார்த்தார்.

“கனமாத்தான் இருக்கு. ஆனா இதே மாதிரி வீட்ல நாலு கெடக்கே, தாயி.”

சங்கரவடிவு குழந்தையை வாங்கி அதன் வயிற்றில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது.

தெருமுனையில் கணவன் கேட்டான், “அவ என்ன சொன்னா?”

அவள் பின்சீட்டில் ஏறிக் குடத்தை மடியில் வைத்துக்கொண்டாள்.

“வீடு பூட்டிக் கெடக்கு. வண்டிய எடுங்க, நம்ம வீட்டுக்குப் போவோம்.”