இரண்டு அன்னங்கள் வைத்த கதவு

தையல்நாயகி வேலிக் கதவைச் சாயாமல் பிடித்துக்கொண்டு நின்றாள். அடியில் இரண்டு செங்கல்லை வைத்துவிட்டு, அர்ச்சுனன் கீலுக்கு ஸ்க்ரூ முறுக்கிக்கொண்டிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். கடல் காற்று இன்னும் எழவில்லை. வேர்வை கண்ணில் இறங்கியது.

புருஷனுக்கு இப்படியொரு வேலை தெரியும் என்று அவளுக்கு இத்தனை வருஷம் தெரியாது. அவனுக்கே தெரியாது. அவன் உப்பளத்தில் உப்பு வாருகிறவன். செல்போனில் வீடியோ பார்த்து, பக்கத்துத் தெரு ஆசாரியிடம் உளியும் ரம்பமும் இரவல் வாங்கி, பத்து நாளாக வேலைக்குப் போகாமல் இதைச் செய்திருந்தான்.

இரும்புக் கதவென்றால் ஒரே நாளில் மாட்டியிருக்கலாம். ஆனால் அது ஜெயில் மாதிரி இருக்கும் என்று அவனுக்குத் தோன்றியது. கேட்டவர்களிடம், உப்புக் காற்றில் இரும்பு இரண்டு வருஷம் தாங்காது என்று சொல்லிவைத்தான்.

மேல்விளிம்பை அலை மாதிரி வளைத்து அறுத்திருந்தான். நடுவில் ஒன்றையொன்று பார்க்கிற இரண்டு அன்னங்கள். ஒன்றுக்குக் கழுத்து தடித்துப்போய் வாத்து மாதிரி இருந்தது.

தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். எதிர்வீட்டு மேரிசெல்வி, அக்கா கொடுத்துவைத்தவள் என்றாள்.

ஆடு வந்து கனகாம்பரத்தைக் கடித்துவிடுகிறது, அதற்குத்தான் என்றான் அர்ச்சுனன்.

தையல்நாயகியிடமும் அதையேதான் சொல்லியிருந்தான். அவள் அன்னத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, அழகாக இருக்கிறது, யார் வீட்டுக்கு என்று கேட்டாள். நம் வீட்டுக்குத்தான் என்றான். காலையிலிருந்து நான்காவது தடவையாகச் சொன்னான்.

கடைசி ஸ்க்ரூவும் இறங்கியது. செங்கல்லை உருவினான். கதவு தரையில் உரசாமல் ஆடியது.

தாழ்ப்பாள் மட்டும் பாக்கி. அது அவன் சட்டைப் பையில் இருந்தது. அவள் பார்க்காத நேரத்தில் அதைப் போட்டுவிட வேண்டும் என்று நினைத்திருந்தான். கொஞ்சம் காபி போட்டுக்கொண்டு வா என்றான்.

அவள் நகரவில்லை. அவன் சட்டைப் பையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உள்ளார போட்டா நான் தொறந்துக்கினு போயிடுவேன். வெளிய போடுங்க."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். அது பழைய தையல்நாயகியின் முகமாக இருந்தது.

வீட்டைவிட்டு நடந்துபோனதெல்லாம் அவளுக்கு ஞாபகம் இல்லை என்றே நம்பியிருந்தான். முப்பது வருஷம் அவள் வேலை பார்த்த உப்புப் பாத்தியில், வேலையை விட்டு இரண்டு வருஷம் கழித்து, மத்தியான வெயிலில் வாருகிற பலகைகூட இல்லாமல் வெறுங்கையால் உப்பு வாரிக்கொண்டு நின்றது. விரல்களெல்லாம் வெடித்து ரத்தம். அடுத்த தடவை ஈசிஆர் ரோட்டின் நடுவில் உட்கார்ந்திருந்தது. அதற்கப்புறம் கழுவெளி ஏரிச் சேற்றில் இடுப்புவரை புதைந்து, மீன்பிடிக்க வந்தவர்கள் இழுத்துப் போட்டது.

ஒரு நாள் அவளை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிப் பார்த்தான். திரும்பி வந்து, கதவில் மோதிக் காயமான அவள் நெற்றியைப் பார்த்தபின் சாவியைத் தூக்கித் தூரப் போட்டான். தோட்டத்திலாவது நடமாடட்டும் என்றுதான் வேலியைச் சுற்றி அடைத்தான். பிறகு கதவு. நாளைக்கு வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவதாக மேஸ்திரி போன் செய்திருந்தார்.

அர்ச்சுனன் தெருப்பக்கம் போய், கீழே தாழ்வாகத் தாழ்ப்பாளை வைத்து முடுக்கினான்.

அவள் உள்ளே நின்று கதவின் மேல் குனிந்து கையை நீட்டிப் பார்த்தாள். அன்னங்களின் இடுக்கில் கையை விட்டுத் துழாவினாள். குதிகாலைத் தூக்கி இன்னொரு தடவை முயன்றாள். எட்டவில்லை என்று சொன்னாள். நிம்மதியாகத்தான் சொன்னாள். பிறகு காபி போடப் போனாள்.

மறுநாள் சோறு எடுத்துவைத்து, என்ன கேட்டாலும் திறந்துவிட வேண்டாம் என்று மேரிசெல்வியிடம் சொல்லிவிட்டு அவன் உப்பளத்துக்குப் போனான்.

மத்தியானம் திரும்பும்போது தெருமுனையிலேயே கதவு உலுக்குகிற சத்தம் கேட்டது.

காலையிலிருந்து இப்படித்தான் என்றாள் மேரிசெல்வி. வாய்விட்டுக் கத்திக்கொண்டே இருந்தாளாம். பூட்டியவன் நன்றாக இருக்கமாட்டான் என்று மண்ணை வாரித் தூற்றினாளாம். ஒரு மனுஷியை இப்படியா அடைத்துவைப்பார்கள் என்று அவனைக் கேட்டுவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவளே சொல்லித்தான் போட்டேன் என்று வாய்வரை வந்தது. கதவுப் பக்கம் நடந்தான்.

அவனைக் கண்டதும் தையல்நாயகி உலுக்குவதை நிறுத்தினாள். முந்தானையைச் சரிசெய்துகொண்டு, அறிமுகம் இல்லாதவரிடம் பேசுகிற மாதிரி கைகூப்பினாள்.

"அண்ணே, கொஞ்சம் தொறந்து வுடுங்க. எங்க வூட்டுக்காரரு அளத்துல ஒண்டியா வாரிக்கினு இருப்பாரு."

அர்ச்சுனன் குனிந்து தாழ்ப்பாளை விலக்கினான்.

அவள் அவனைத் தாண்டி, வெறுங்காலோடு, உப்பளத்துப் பக்கம் வேகமாக நடந்தாள். வாசலில் கிடந்த அவளுடைய செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அவன் பின்னால் போனான்.