சமாதானப் பரிசு, சுங்குவார்சத்திரம் கிளை

“நோபல் சமாதானப் பரிசே வருஷத்துக்கு ஒரு வாட்டிதான் குடுக்குறாங்க. உங்களுக்கு மாசாமாசம் கேக்குதா?” என்றார் வார்டன் அன்னபுஷ்பம்.

சுங்குவார்சத்திரம் பெண்கள் ஹாஸ்டல். பராமரிப்பு வேலைக்காக அன்று தொழிற்சாலைக்கு விடுமுறை. அபூர்வமாக எல்லாரும் கூடத்தில் இருந்தார்கள்.

“சில வருஷம் அதுவும் கிடையாது மேடம். ஆள் தேறலன்னா விட்ருவாங்க,” என்றாள் கங்கா.

“இங்கயும் அதே ரூல்தான். வருஷம் பூரா சண்டை போடாத ரூமுக்கு மாடி ரூம். யாரும் தேறலன்னா அதுல நான் அரிசி மூட்டை அடுக்கிப்பேன்.”

மாடி அறையில் தனிக் குளியலறை உண்டு. முத்துச்செல்விக்கு அது வாழ்வா சாவா பிரச்சினை. காலை வரிசையில் பக்கெட்டோடு நின்றே இரண்டு முறை கம்பெனி பஸ்ஸைத் தவறவிட்டிருந்தாள். இன்னொரு முறை விட்டால் நேரே திருநெல்வேலி பஸ்ஸையே பிடித்துக்கொள்ளலாம் என்று சூப்பர்வைசர் அன்பாகச் சொல்லியிருந்தார்.

தண்ணீர் குடித்துவிட்டு வந்தவள், ஃபேனுக்கு அடியில் தான் போட்டிருந்த நாற்காலியில் யாரோ ஒருத்தி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள்.

“எக்கா, அது நான் போட்ட சேரு.”

“இன்னா, உன் பேரு எழுதிக்கீதா?”

“எந்திரிச்சா தேஞ்சா போயிருவிய?”

“வாயப் பாரு. உன்கூட ஒரே ரூம்ல குப்ப கொட்டுறா பாரு ஒருத்தி, அவளுக்குக் குடுக்கணும் அந்தப் பரிச.”

“அவளுக்கும் எனக்குந்தான் குடுக்கப் போறாவ. இருந்து பாத்துட்டுப் போங்க.”

முத்துச்செல்வி தரையில் கங்காவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். “என் ரூம்காரி தங்கமான பிள்ளைட்டி. ஒரே கட்டிலு, ஒரே தலகாணி. இன்னைக்கு வரைக்கும் ஒரு சொல்லு வந்ததில்ல. இவள மாதிரி ஒருத்தி வாச்சிருந்தா அந்தத் தலகாணியாலேயே அடிச்சிருப்பேன்.”

வார்டன் மாடிச் சாவியைக் கையில் எடுத்தார். “மத்த ரூம்ல எல்லாம் சோப்புக்குச் சண்டை, சார்ஜருக்குச் சண்டை. பின்கட்டு ரூம்ல இருந்து மட்டும் இதுவரைக்கும் ஒரு சத்தம் வந்ததில்ல. முத்துச்செல்வி, சுகப்பிரியா, ரெண்டு பேரும் வாங்க.”

முத்துச்செல்வி எழுந்தாள். நாற்காலியில் இருந்தவளும் எழுந்தாள்.

“இன்னாங்கடி, வருஷம் பூரா ஒரே கட்டில்ல படுத்துட்டு, புதுசா பாக்குற மாதிரி முழிக்கிறீங்க?” என்றார் வார்டன்.

புதிதாகத்தான் பார்த்தார்கள். ஒருத்திக்குப் பகல் ஷிப்ட், இன்னொருத்திக்கு நைட் ஷிப்ட். இதுவரை அந்தக் கட்டில் மட்டும்தான் இருவரையும் பார்த்திருந்தது.