திரும்பி வரும் வாடகை

ஆகஸ்ட் 22, வெள்ளி. நேற்று போட்ட கணக்கில் ஒரு தவறு. வேன் போவதற்கு வாடகை எழுதினேன். திரும்பி வருவதற்கு எழுதவில்லை.

“இன்னாக்கா, கிரவுண்டுக்கு வந்தும் நோட்டா?”

கவிப்பிரியா பந்தைத் தட்டிக்கொண்டே எட்டிப் பார்த்தாள். முத்துச்செல்வி நோட்டை மூடினாள். தினமும் கடைசி வரியில் மறுநாள் செய்ய வேண்டிய வேலையை எழுதிவிட்டுத்தான் மூடுவாள். இன்று அந்த வரி மட்டும் பாக்கி.

பகலில் ஒரகடத்தில் கம்பெனி வேலை, மாலையில் கல்லூரி, வகுப்புக்கு முன்னால் ஒரு மணி நேரம் கூடைப்பந்து. அந்த டீமில் எல்லாருடைய நாளும் இப்படித்தான். ஆறு மாலைக் கல்லூரிகள் சேர்ந்து லீக் நடத்தின. ஆறும் ஷேர் ஆட்டோ தூரத்தில் இருப்பவை. இந்த வருடம் வாலாஜாபாத்திலிருந்து ஒன்றும் மணிமங்கலத்திலிருந்து ஒன்றும் தாங்களும் சேர்வதாகக் கேட்டிருந்தன. நுழைவுக் கட்டணம் பதினெட்டாயிரம், பதினெட்டாயிரம். பழைய ஆறும் பங்கு போட்டால் ஒன்றுக்கு ஆறாயிரம்.

சேர்த்தால் கட்டுப்படியாகுமா என்று பார்த்துச் சொல்லும் வேலையை, உடற்கல்வி ஆசிரியர் அண்ணாதுரை முத்துச்செல்வியிடம்தான் கொடுத்தார். எதையும் இரண்டு முறை கூட்டிப் பார்க்கிற பி.காம். மாணவி அவள் ஒருத்திதான்.

அதில் அவளுடைய சொந்தக் கவலையும் ஒன்று இருந்தது. லீக்கில் ஒரு ஆட்டம்கூட விடாமல் ஆடுகிறவர்களிடம் கல்லூரி பாதிக் கட்டணம்தான் வாங்கும். அந்தச் சலுகை போனால் கடைசி வருடத்தை முடிக்க அவளிடம் வழியில்லை.

அண்ணாதுரை குனிந்து சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

“இன்னாம்மா, இன்னிக்கி நீதான் ஃபர்ஸ்ட்டா? ஓ.டி. இல்லியா?”

“இல்ல சார். சார், ஒரு தப்பு பண்ணிட்டேன்.”

“நீ வாரத்துக்கு நாலு தப்பு சொல்ற. போன தபா ஒரு புள்ளி வுட்டுப்போச்சுன்னு வூட்டுக்கு போன் பண்ண.”

“இது பெரிசு சார்.” பேப்பரை நீட்டினாள். “ரெண்டு ஊருக்கும் வேன் மூவாயிரத்தி அறுநூறு, மிச்சம் ரெண்டாயிரத்தி நானூறுன்னு எழுதியிருக்கேம்லா? அது போறதுக்கு மட்டுந்தான். திரும்பி வாரதுக்குப் போடல. சேத்தா ஏழாயிரத்தி இருநூறு. ஆறாயிரம் வந்தாலும் ஆயிரத்தி இருநூறு கையக் கடிக்கும்.”

“ஏங்க்கா, உங்க திசையன்விளைல போனா திரும்பி வரமாட்டாங்களா?” என்றாள் கவிப்பிரியா.

“நீ சும்மா இரு பிள்ள.”

அண்ணாதுரை நிமிர்ந்தார். முகத்தில் சிரிப்பில்லை.

“ரெண்டையும் சேத்துக்கலாம்னு கையெழுத்து போட்டு அனுப்பிச்சிட்டேனேம்மா.”

“அதான் சார் மனசு கேக்கல. சீசன் பாதியில காசு தீந்துட்டுன்னா உங்க தலைதான உருளும்.”

அவர் பேப்பரை இரண்டு முறை பார்த்தார். பிறகு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

“நல்லவேளை, இப்பவே சொன்ன. ஒண்ணும் முழுகிப் போவல. வேன் கட்.”

“கட்டா சார்?”

“மத்த அஞ்சு காலேஜும் இந்த ரெண்டு ஊருக்கு வேனா வெக்கப் போறாங்க? கம்பெனி பஸ்லதான் போவப் போறாங்க. சாயந்தரம் பகல் ஷிப்ட் ஆளுங்கள வாலாஜாபாத்துல எறக்கிவுட போவுதில்ல, அதுல ஏறிக்கணும். நைட் ஷிப்ட் ஆளுங்கள ஏத்தினு வருதில்ல, அதுல திரும்பி வந்துரணும். மணிமங்கலத்துக்கும் அப்டித்தான். நம்ம டீம்ல பன்னெண்டு பேரும் கம்பெனி ஆளுங்கதான? கார்ட காட்டினா முடிஞ்சிது. உன் கணக்குல லாபம் வந்திச்சேன்னுதான் நான் வேனுக்கு ஒத்துக்கினேன்.”

“அப்ப ஆறாயிரமும் மிச்சமா சார்?” என்றாள் கவிப்பிரியா. “அந்தக் கோண ரிங்க மாத்திடலாம்.”

முத்துச்செல்வி துப்பட்டாவைக் கழுத்தோடு இழுத்துவிட்டுக்கொண்டாள்.

“கார்டு இல்லேன்னா சார்?”

“எறக்கி வுட்ருவான். டவுன் பஸ்ஸ நம்பினா ஹாஃப் டைம்லதான் போய்ச் சேரணும். ராவுல திரும்பி வரவும் ஒண்ணும் கெடைக்காது. அதனால ஒருத்தரும் மறக்கக் கூடாது, சொல்லிட்டேன்.”

“இவங்களா மறப்பாங்க?” கவிப்பிரியா சிரித்தாள். “தூங்கும்போதுகூட கார்ட மாட்டிக்கினுதான் தூங்குவாங்க சார்.”

அண்ணாதுரை சிரித்தார். முத்துச்செல்வியும் சிரித்தாள்.

மற்றவர்களும் வந்து சேர்ந்ததும் அண்ணாதுரை விசிலை ஊதி எல்லாரையும் கூப்பிட்டார். “பாத்துக்கோங்க. தப்பு பண்ணா வந்து சொல்லணும். இவ சொன்னதால நமக்கு ஒரு புது ரிங் வரப்போவுது. கைதட்டுங்க.”

தட்டினார்கள்.

ஆட்டம் முடிந்து வகுப்புக்குப் போனதும் முத்துச்செல்வி கடைசி பெஞ்சில் உட்கார்ந்து நோட்டை எடுத்தாள். பையில் அதைச் சுற்றிக் கிடந்த, கார்டு மாட்டும் நீலக் கயிறும் கூடவே வந்தது. கயிறு மட்டும்தான். வேலை ஒப்பந்தம் முடிந்தது என்று காலையில் கம்பெனி கேட்டிலேயே கார்டைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள்.

பாக்கியிருந்த கடைசி வரியை எழுதினாள்.

நாளை: காலை ஏழு மணிக்கு ஆள் எடுக்கும் கம்பெனி வாசல்களில் நிற்க வேண்டும். சம்பளம் எவ்வளவு என்று கேட்பதற்கு முன், வாலாஜாபாத்துக்கும் மணிமங்கலத்துக்கும் பஸ் விடுகிறார்களா என்று கேட்க வேண்டும்.