இடப்பக்க முன்சக்கரம்

வலது தோள்பட்டை விட்டுவிட்டு வலித்தது.

பன்னிரண்டு வருடமாக லாரிச் சக்கர நட்டுகளை முறுக்கிய தோள். கை தலைக்கு மேலே போகாது. சட்டை மாட்டுவதற்கே இடது கை துணைக்கு வர வேண்டும்.

போலீஸ் ஸ்டேஷனுக்குப் பின்னால், வெயிலில் நின்ற லாரியின் முன்னால் அவன் குத்தவைத்து உட்கார்ந்திருந்தான்.

இடப்பக்க முன்சக்கரம் இல்லை. அந்த இடத்தில் மரக்கட்டைகளை அடுக்கி முட்டுக் கொடுத்திருந்தார்கள்.

முந்தாநாள் மதியம் அந்தச் சக்கரம் கழன்று தனியே ஓடியது. பஸ்ஸுக்கு நின்ற மில் வேலைக்காரப் பெண்மேல் மோதியது. அவள் அங்கேயே போய்விட்டாள். மோதிய பிறகும் சக்கரம் நூறடி ஓடியதாம்.

வேறு சக்கரம் மாட்டி வண்டியை எடுத்துவரச் சொல்லி லாரி முதலாளி அவனை அனுப்பியிருந்தார். இந்த வண்டிக்குச் சக்கர வேலை என்றால் எப்போதும் அவன்தான்.

திங்கட்கிழமை அந்தச் சக்கரத்தை மாட்டியதும் அவன்தான்.

கந்தல் துணியால் கிரீஸைத் துடைத்தான்.

பத்து போல்ட். ஆறு முறிந்திருந்தன. நான்கு முழுதாக நின்றன. மரையில் ஒரு கீறல்கூட இல்லை. நட்டுகளை மட்டும் காணோம்.

எந்த நான்கு என்று அவனுக்குத் தெரியும்.

பழைய வண்டி. இந்த மாதிரி வண்டிகளில் இடப்பக்கச் சக்கரங்களுக்கெல்லாம் தலைகீழ் மரை. வலப்பக்கத்து நட்டு எந்தத் திசையில் இறுகுமோ, இடப்பக்கத்து நட்டு அந்தத் திசையில் கழலும். ஓடுகிற ஓட்டத்தில் நட்டு தானாகக் கழன்றுவிடக் கூடாதென்று செய்த ஏற்பாடு. போல்ட்டின் முனையில் எழுத்து அடித்திருப்பார்கள். இடப்பக்கத்துக்கு எல். வலப்பக்கத்துக்கு ஆர்.

லாரிக்காரர்கள் யாரும் எழுத்தைப் பார்ப்பதில்லை. இடப்பக்கம் போனால் கை தானாகத் திசை மாறும்.

திங்கட்கிழமை நான்கு போல்ட் மாற்ற வேண்டியிருந்தது. கடையில் எல் இல்லை. ஆர் இருந்தது. மக்காச்சோள லோடு ஏறி நின்றது. முதலாளி மூன்று தடவை போன் பண்ணிவிட்டார்.

ஒரு நடைதானே.

நான்கு ஆர் போட்டான். நான்கை மட்டும் வலமாக முறுக்கினான். தோள் விண்ணென்று தெறித்தது. வண்டி திரும்பி வந்ததும் மாற்றிக்கொள்ளலாம்.

டிரைவரிடம் சொல்லவில்லை. சொன்னால் வண்டியை எடுக்க மாட்டார்.

"அம்பது கிலோமீட்டர்ல ஒருக்கா நிறுத்தி இறுக்கிக்குங்கண்ணா" என்றான். புதிதாக மாட்டிய சக்கரத்துக்கு எல்லோரும் சொல்வதுதான். வாய் பழக்கத்தில் சொல்லியது.

"ஏம்ப்பா, பொண்ணு பாக்கவா வந்த?" ஏட்டு ஜன்னலிலிருந்து கேட்டார். "கைய ஓட்டு. ஜீப் வந்துரும். டிரைவரக் கோர்ட்டுக்குக் கொண்டு போகோணும்."

டிரைவர் குப்பண்ணன் பின்வாசல் படியில் உட்கார்ந்திருந்தார். முப்பது வருட சர்வீஸ். ஒரு கேஸ் கிடையாது. இரண்டு நாளில் தாடி வெள்ளையாக முளைத்திருந்தது.

வண்டியைப் பார்க்க வந்த அதிகாரி நின்றபடியே எழுதிவிட்டுப் போய்விட்டார். விபத்துக்குக் காரணம், டிரைவர் நட்டுகளைச் சரியாக இறுக்காமல் ஓட்டியது.

குப்பண்ணன் எழுந்து பக்கத்தில் வந்தார். ஏட்டு தடுக்கவில்லை.

"சாப்பிட்டீங்களாண்ணா?"

"ரெண்டு இட்லி குடுத்தாங்க."

முறிந்த போல்ட்டுகளைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"நீ சொன்னாப்பலயே நிறுத்துனேன் தம்பி. தாராபுரம் தாண்டி. ஸ்பேனர மாட்டி பத்துக்கும் ஒவ்வொரு மிதி. ஆறு அசையவே இல்ல. நாலு மட்டும் நல்லா எறங்குச்சு. நல்லவேள, தம்பி சொன்னானேன்னு நெனச்சேன்."

அவன் கையிலிருந்த கந்தல் நின்றது.

இடப்பக்கம் போனால் தானாகத் திசை மாறும் கால். மற்ற ஆறுக்கும் அது இறுக்கும் மிதி. அந்த நான்குக்கும் கழற்றும் மிதி. நான்கும் கழன்று போக, பாரம் தாங்காமல் ஆறும் முறிந்திருக்கின்றன.

"இன்னொரு மிதி போட்டிருந்தா நின்னிருக்கும்" என்றார் குப்பண்ணன். "நாந்தான் அவசரப்பட்டுட்டேன். இறுக்குனேன்னு சொன்னா எவன் நம்பறான்? கோர்ட்டுல ஒத்துக்கலாம்னு இருக்கேன்."

அவன் சுத்தியலை எடுத்தான்.

முழுதாக நின்ற போல்ட்டுகளை ஒவ்வொன்றாக அடித்துப் பின்பக்கம் தள்ளினான். ஒவ்வோர் அடியும் தோளில் இறங்கியது. விழுந்ததை உடனே எடுத்துப் பைக்குள் போட்டான்.

பையில் பத்து புது போல்ட் இருந்தன. பத்தும் எல்.

ஜீப் வந்தது. குப்பண்ணன் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டார்.

"உன் மேல ஒரு தப்பும் இல்ல தம்பி. மனசுல வெச்சுக்காத. பாத்து மாட்டு."



ஜீப் கேட்டைத் தாண்டும்வரை அவன் அடிப்பதை நிறுத்தவில்லை. முறிந்த ஆறும் ஒவ்வொன்றாக மண்ணில் விழுந்தன. அவற்றை எடுக்கவில்லை.

பைக்குள் நான்கு கிடந்தன.

நான்கும் ஆர்.

திங்கட்கிழமை சொல்லாமல் விட்ட அந்த ஒரு வார்த்தை குப்பண்ணனுக்கு இன்னும் பாக்கி.