யாழ்மொழிக்குப் பத்துக்கு ஒன்பது

கோ-கோ ஆடும் பிள்ளைகளின் கைப்பட்டைகளே மதிப்பெண்ணைத் திரைக்கு அனுப்பிவிடும். நான் கையெழுத்திட்டால் போதும்; உடற்கல்வி ஆசிரியர் பயிற்சியில், ஓர் ஆட்டத்தைக் கவனித்து மதிப்பெண் போடுவதுதான் எனக்குக் கடைசித் தேர்வு. ஆட்டம் முடிந்தபோது யாழ்மொழியின் பெயருக்கு எதிரே மட்டும் காலியாக இருந்தது. அவள் பட்டை பழுது. நேரில் பார்த்ததை வைத்து நானே போட வேண்டும். நானோ ஆட்டம் முழுக்கத் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நான் எப்படி ஆடினேன் மிஸ்?"

"சூப்பரா துரத்தின. பத்துக்கு ஒன்பது."

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"எழுந்து ஓட எனக்கு யாருமே கோ குடுக்கல மிஸ். கடைசிவரைக்கும் உக்காந்தேதான் இருந்தேன்."

அவளிடமிருந்து பத்தடி தூரத்தில்தான் நான் நின்றிருந்தேன். என்னை மதிப்பிட வந்திருந்த தேர்வாளர் எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தார்.

"பயப்படாதீங்க மிஸ்," என்றாள் அவள். "நான் சொல்ல மாட்டேன்."