அன்புசெல்விக்கு வந்த வேலைகள்

மீன் ஏலத்துக்கு ஒரு செயலி செய்வதுதான் அந்தக் கல்லூரி மாணவர்கள் ஆறு பேருடைய கடைசி வருட புராஜெக்ட். தினமும் காலையில் ஒவ்வொருவரும் முந்தின நாள் முடித்ததைச் சொல்ல வேண்டும். வீராம்பட்டினம் அன்புசெல்வி சொல்லும்போதுதான் பேராசிரியர் கைதட்டுவார். குழுத் தலைவன் கோபிநாத்துக்கு வயிறு எரியும்.

வேலைக்கு ஆள் எடுக்க வந்த கம்பெனியும் அவளை மட்டுமே எடுத்தது.

"எப்டிடி இவ்ளோ கத்துக்கிட்ட?" என்று தோழிகள் மொய்த்தார்கள்.

"எல்லாம் கோபியாலதான். வாராவாரம் கஷ்டமான வேலையா பாத்து எனக்கே குடுத்தான். எம்மேல அவ்ளோ நம்பிக்கை. ரொம்ப தேங்க்ஸ்டா!"

பக்கத்தில் நின்றிருந்த கோபிநாத் தலைகுனிந்தான். அவள் எல்லோர் முன்னாலும் திணற வேண்டும் என்றுதான் அவன் அப்படிக் கொடுத்தான். சுலபமான வேலைகளையெல்லாம் தனக்கே எடுத்துக்கொண்டவனுக்கு, நேர்காணலில் ஒரு கேள்விக்கும் பதில் தெரியவில்லை.